போய்த் தொலைந்தவர்

நம்பினா உக்காருங்க, நம்பலைன்னா மாவை வாங்கிக்கிட்டுக் கிளம்பிக்கிட்டே இருங்க. மில்லு ஓடுற நேரத்துல சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணிக் கதை சொல்ற ஆளு நான் இல்ல. எங்க ஊத்தடிப்பட்டிக்குப் பின்னாடி நிக்குதே மொட்டவரை, அந்த மலையில ஒரு மனுசன் பதினோரு மாசம் தொலைஞ்சு கிடந்தாரு, தொலைஞ்சு கிடந்த பதினோரு மாசமும், நடுவுல ஒரு மூணு நாளைத் தவிர, ஊரு கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டே கிடந்தாரு. காலையில பல்லு வெளக்கும்போது அண்ணாந்து பார்த்தா நடந்துக்கிட்டு இருப்பாரு, மத்தியானம் சோத்துத் தட்டோட வெளிய வந்து பார்த்தா நடந்துக்கிட்டு இருப்பாரு, சாயங்காலம் ஆட்டை அடைக்கும்போது பார்த்தா ஏதோ ஒரு பாறையில உக்காந்து துண்டை ஒதறிக்கிட்டு இருப்பாரு. இறங்கி வர மட்டும் அவருக்கு வழி தெரியல.

அவரு பேரு போதுராசு. இதுல பெரிய கூத்து என்னன்னா, அவருக்குத் தொழிலே வழி காட்டுறதுதான். ஞாயித்துக்கிழமையானா கோயம்புத்தூரு, மதுரைனு டவுன்ல இருந்து முதுகுல பையை மாட்டிக்கிட்டு, கையில ரெண்டு குச்சியை ஊனிக்கிட்டு ட்ரெக்கிங் வர்ற சனத்தை மொட்டவரை உச்சி வரைக்கும் கூட்டிப்போயி, காலு கை சேதாரமில்லாம இறக்கிவிடுற கைடு. பதினாலு வருசமா அந்த ஒத்தையடிப்பாதையில ஏறி இறங்குன ஆளு. எந்தக் கல்லு ஆடும், எந்த வேரு தடுக்கும், எந்த மரத்துல எத்தனை மணிக்குக் குரங்கு வரும், எல்லாம் அத்துப்படி.

அவரு தொலைஞ்சது ஒரு வைகாசி மாசத்து ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு அவரு சம்சாரம் இளஞ்சியத்தோட தம்பி கீழூர்ல புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுறான். அக்காவும் மாமாவும் முன்னால நின்னாத்தான் அடுப்புப் பத்த வைப்பேன்னு அந்தப் பய ஒரு மாசமா போன் மேல போன். இளஞ்சியமும் விடியுறதுக்கு முன்னாடியே குளிச்சு, பட்டுச்சேலை எடுத்து மடிப்பு வெச்சு, தலைக்குப் பூவெல்லாம் வெச்சுக்கிட்டு அடுக்களையில நிக்குது. அந்த நேரம் பார்த்து வாசல்ல ஒரு வேன் வந்து நிக்கிது. கோயம்புத்தூர்க்காரங்க ஆறு பேரு.

"இளஞ்சியம், வந்தவங்களை எப்படித் திருப்பி அனுப்புறது? ரெண்டு மணிக்கெல்லாம் இறங்கிருவேன். இறங்குன கையோட பஸ்ஸு ஏறிருவோம்"னு இவரு சொல்றாரு.

அது திரும்பிக்கூடப் பார்க்கல. முதுகைக் காட்டிக்கிட்டே, "போய்த் தொலைங்க"னுச்சு.

அவ்வளவுதான். இதைக் கேட்டு யாரும் நெஞ்சுல கைய வெக்க வேண்டாம். எங்க பக்கம் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குற வார்த்தை அது. சீப்பைக் காணோம்னாலும் எங்க போய்த் தொலைஞ்சுச்சோம்போம், புள்ள பள்ளிக்கூடம் கிளம்பாம நொண்டுனாலும் போய்த் தொலைடாம்போம், கட்டுன மாடு வாலை ஆட்டி மொகத்துல அடிச்சாலும் அதைத்தான் சொல்லுவோம். யாரும் போனதும் கிடையாது, தொலைஞ்சதும் கிடையாது.

மத்தியானம் ஒண்ணரைக்கு ஆறு பேரும் இறங்கிட்டாங்க. கூட்டிப்போன ஆளைக் காணோம். டீக்கடையில உக்காந்து ஷூவைக் கழட்டிக்கிட்டே அதுல ஒரு கண்ணாடிக்காரர் சொல்றாரு, "மூணாவது திருப்பத்துல நின்னு, நீங்க முன்னால போங்க, இந்தா வந்துட்டேன்னாரு. அப்புறம் வரவே இல்லைங்க. மரத்துல அம்புக்குறி போட்டிருந்துச்சு, அதைப் பார்த்தே உச்சிக்கும் போயிட்டு வந்துட்டோம்." டீக்கடையே சிரிச்சு உருண்டுச்சு. ஆடு வீடு வந்துருச்சு, மேய்க்கப் போனவனைக் காணோம்னு ஒருத்தன் சொல்ல, நானும் சேர்ந்து சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது.

மூணு மணிக்கு இளஞ்சியத்துக்குப் போன் வந்துச்சு. "இளஞ்சியம், இறங்கி இறங்கிப் பாக்குறேன், இறங்குற பாதை ஏறிப்போகுது. எப்படி வந்தாலும் உச்சியிலதான் கொண்டாந்து விடுது. நீ சேலைய மாத்திராத, நான்"னு சொல்லும்போதே சார்ஜு தீர்ந்து போச்சு.

நாங்க பத்துப் பேரு கெளம்பிப் போனோம். மூணாவது திருப்பத்துக்கு மேல ஆளு நிக்கிறாரு, இந்தா, இந்த மில்லுல இருந்து அந்த அடிபம்பு தூரந்தான், கைய ஆட்டுறாரு. அவரைப் பார்த்து அப்படியே நேரா நடக்குறோம், செடிய விலக்குறோம், நடக்குறோம், நிமிர்ந்து பார்த்தா டீக்கடை வாசல்ல நிக்கிறோம். மறுபடி ஏறுனோம், மறுபடி டீக்கடை. காட்டிலாகா வாட்சர்மாரு வந்து ஏறுனாங்க, டீக்கடை. மோப்பம் பிடிக்க ஒரு நாயைக் கொண்டாந்தாங்க, அந்த நாயும் வாலை ஆட்டிக்கிட்டே டீக்கடைக்கு வந்து பன்னு தின்னுட்டுப் படுத்துக்கிச்சு. சோறு கட்டிக் கொண்டுபோய்ப் பாறையில வெச்சா குரங்கு தின்னுச்சு. ஆனா மலையில நெல்லிக்கா இருக்கு, பலா இருக்கு, சுனையில தண்ணி இருக்கு, மலைய அறிஞ்ச ஆளுக்குப் பட்டினி கிடையாது. கத்திப் பேசலாம்னா குரல்தான் போயிச் சேரும், வார்த்தை போயிச் சேராது, பாறையில மோதி மாவா அரைஞ்சு போயிரும்.

அன்னைக்குப் பொழுது சாயுறப்ப மலையடிவாரத்துல பட்டுச்சேலையோட இளஞ்சியம் மண்ணுல உக்காந்துக்கிட்டு, "நாந்தான், நாந்தான், என் வாயிதான், போய்த் தொலைங்கன்னேன், தொலைஞ்சு போயிட்டாரு"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. போதுராசோட அக்கா காமுத்தாய்தான் பக்கத்துல உக்காந்து அதோட கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தாயில்லாப் பயலை இடுப்புல தூக்கி வளர்த்த அக்கா அது. "விடு தாயி, வாயில வர்றதுதான், நீ என்ன வேணும்னா சொன்ன"னு காமுத்தாய் சொல்லுச்சு. ஒரு சொட்டுக் கண்ணீரு விடல.

அதுக்கப்புறம் ஏன் தொலைஞ்சாரு, எப்படித் தொலைஞ்சாருனு ஊர்ல யாரும் கேக்கல. காரணம்தான் கையில இருக்கே. பிரசிடெண்டு கோதண்டம் முத்தாலம்மன் கோயில் முன்னாடி கூட்டம் போட்டாரு. இனிமே ஊத்தடிப்பட்டி எல்லைக்குள்ள மனுசனையோ மாட்டையோ யாரும் போய்த் தொலைனு சொல்லக் கூடாது, நாசமாப் போன்னு சொல்லக் கூடாது, மண்ணாப் போ, ஒழிஞ்சு போ, எக்கேடோ கெட்டுப் போ, ஒண்ணும் கூடாது, மீறிச் சொன்னா கோயில் தெருவை ஒரு மாசம் கூட்டணும்னு முடிவாச்சு. கோதண்டமே முதல் வாரத்துல மைக்கு வேலை செய்யலைன்னு "தொலைஞ்சு போன மைக்கு"னு சொல்லிட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தெருக் கூட்டுனாரு.

திட்டாம வாழ்றது எம்புட்டுக் கஷ்டம்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுச்சு. வரப்புச் சண்டையில ரெண்டு பேரு மூஞ்சிக்கு நேரா மூஞ்சி நின்னு, வார்த்தை கிடைக்காம, "நீ நல்லா இருப்படா!" "நீதான்டா நல்லா இருப்ப!" "உன் குடும்பமே நல்லா இருக்கும்டா!"னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வாழ்த்துவாங்க. தாய்மாரெல்லாம் புள்ளைகளை அடிக்கக் கையை ஓங்கிக்கிட்டு, "மகராசனா இரு, மகராசனா இரு"னு கத்துவாங்க. வெளியூர்ல இருந்து பொண்ணு பார்க்க வந்தவங்க, இவ்வளவு மரியாதையான ஊரானு வாயைப் பொளந்துட்டு, அன்னைக்கே பூ வெச்சுட்டுப் போனாங்க.

ஒரு நாளு கோதண்டத்துக்கு ஒரு யோசனை வந்துச்சு. போய்த் தொலைங்கன்னு சொல்லித்தானே போனாரு, வந்து தொலைங்கன்னு சொன்னா வந்துருவாருல்ல? அதுவும் நம்ம பேச்சுதானேன்னாரு. எங்களுக்கும் அடடான்னு இருந்துச்சு. ஊரே அடிவாரத்துல கூடி, மூணு சொல்லி, ஒரே குரலா "வந்து தொலைங்க!"னு கத்துனோம். மலையில ஆளு அப்படியே நின்னாரு, விறுவிறுன்னு எங்களைப் பார்த்து இறங்குனாரு, பாதி தூரம் வந்தாரு, காணாமப் போயிட்டாரு. மூணு நாளு கண்ணுலயே படல. வந்தாரு, தொலைஞ்சாரு, சொன்னதைத்தானே செஞ்சாரு. நாலாம் நாளு மறுபடி உச்சியில தெரிஞ்சதும் இளஞ்சியம் கோதண்டத்தைப் பார்த்து, "நீங்க நூறு வருசம் நல்லா இருக்கணும்ணே"னுச்சு. அந்த மனுசன் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டல.

இப்ப நான் சொல்றதுல எனக்கும் பங்கு உண்டு, அதனால கொஞ்சம் மெதுவாச் சொல்றேன்.

ஆவணியில யானை இறங்குச்சு. வருசா வருசம் எறங்குறதுதான், அவரையை மிதிக்கும், வாழையை உரிக்கும், விடிஞ்சு போயிப் பார்த்தா தோப்பு மொட்டையா நிக்கும். அந்தத் தடவை யானை கிளம்புறதுக்கு முன்னாடியே மேல இருந்து போதுராசு செவப்புத் துண்டை எடுத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கமா ஆட்டுனாரு. நாங்க தாரை தப்பட்டையோட போயி நின்னோம், யானை திரும்பிப் போயிருச்சு. ஒரு இலை சேதமில்ல. ஐப்பசியில மழை வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெள்ளைத் துண்டை ரெண்டு தடவை சுத்துனாரு. களத்துல காய்ஞ்ச சோளத்தை அள்ளிட்டோம். காணாமப் போன ஆடு எந்தப் பள்ளத்துல நிக்குதுன்னு கைய நீட்டிக் காட்டுனாரு. மாசிக்குள்ள அவரு எங்களுக்குப் பழகிப் போயிட்டாரு. கல்யாணப் பத்திரிகை அடிச்சா மலையைப் பார்த்து ஒண்ணை ஆட்டிக் காட்டிட்டுத்தான் மத்தவங்களுக்குக் குடுத்தோம். பொறந்த புள்ளையத் தூக்கிக் காட்டுனோம். டவுன்ல இருந்து முன்னைக்கு இப்ப நாலு மடங்கு சனம் அவரைப் பார்க்கவே வந்துச்சு. டீக்கடைக்காரரு 'தொலைஞ்சவர் டீ ஸ்டால்'னு போர்டே மாட்டிட்டாரு.

ஒரு நாளு இளஞ்சியம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயி, பெரிய ஊர்ல இருந்து ஆளு வரவழைச்சு மறுபடி தேடச் சொல்லுங்கண்ணேன்னு கேட்டுச்சு. நானும் அங்கதான் இருந்தேன். கோதண்டம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஏம்மா, அவரு எங்க போயிட்டாரு? இந்தா கண்ணு முன்னாடிதானே இருக்காரு. நல்லாத்தானே இருக்காரு. யோசிச்சுப் பாரு, அவரு மேல இருக்குறதும் ஊருக்கு ஒரு வகையில..."னு இழுத்தாரு.

இளஞ்சியம் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. "நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களாண்ணே?"

என் தோப்புல அந்த வருசம் ஒரு வாழை சாயல. நான் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"உங்களுக்கெல்லாம் அவரு துண்டு ஆட்டுற ஆளு. எனக்கு அவரு புருசன்"னு சொல்லிட்டு அது எந்திரிச்சுப் போயிருச்சு.

அதுக்கப்புறம் அது யாரையும் கேக்கல. தானே போயித் தொலையுறதுன்னு முடிவு பண்ணிருச்சு. தொலைஞ்ச ஆளுகிட்டத் தொலைஞ்ச ஆளுதானே போயிச் சேர முடியும்? தினமும் வீட்டு வேலையை முடிச்சுட்டு மலையேறும். பாதையை விட்டு விலகி, கண்ணை மூடிக்கிட்டு, தன்னைத் தானே மூணு சுத்து சுத்திக்கிட்டு, முள்ளுக்குள்ள நுழைஞ்சு நடக்கும். பாவம், நேரா டீக்கடைக்கு வந்து சேரும். வேணும்னே தொலையுறது முடியாத காரியமா இருந்துச்சு. சேலையெல்லாம் கிழிஞ்சு, காலெல்லாம் முள்ளு கீறி, டீக்கடை வாசல்ல வந்து நிக்கும்போது அங்க இருக்குற ஆம்பளைக எல்லாம் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்குவாங்க.

பங்குனி கடைசியில அதுக்கு விளங்கிருச்சு. அவரு தானாத் தொலையல, ஒருத்தர் சொல்லித் தொலைஞ்சாரு. தன்னையும் ஒருத்தர் சொல்லணும். வீடு வீடா வந்துச்சு.

"ஒரே ஒரு தடவை என்னையப் போய்த் தொலைனு சொல்லுங்களேன்."

ஆத்தாடி, நாங்க பட்ட பாடு! சாமி கும்பிடுற வாயால எப்படிம்மான்னு ஒருத்தர் கதவைச் சாத்துனாங்க. என் மில்லுக்கு எதுத்த வீட்டு டெய்லரம்மா மட்டும் அது அழுதது தாங்காம, இழுத்துப் போத்திக்கிட்டு, "போய்த் தொலைங்கக்கா"னு பூ மாதிரிச் சொல்லுச்சு. அதுக்கு இளஞ்சியம் பக்கத்துத் தெருவுல அரை மணி நேரம் தடுமாறிட்டுத் திரும்பி வந்துருச்சு. கோதண்டம் ஆபீசு பேப்பர்ல எழுதி வெச்சு வாசிச்சாரு, ஒண்ணும் நடக்கல. என் மில்லுக்கும் வந்துச்சு. மில்லை நிறுத்திட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிப் பார்த்தேன். வார்த்தை வந்துச்சு, கோவம் வரல. அந்தப் புள்ள மேல எனக்கு என்ன கோவம்? தப்பு பண்ணவன் நான்.

கடைசியா அது போனது காமுத்தாய் வீட்டுக்கு.

காமுத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்துச்சாம். இந்தப் பதினோரு மாசத்துல தம்பி பொண்டாட்டியை அது ஒரு சொல்லு சொன்னதில்ல. காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுத்துச்சு, தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டுச்சு, யாராச்சும் இளஞ்சியத்தைக் குத்திப் பேசுனா மல்லுக்கு நின்னுச்சு. இப்படி ஒரு மதினி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு ஊரே சொல்லும்.

"மதினி, நீங்க சொல்லுங்க மதினி."

"எந்திரிச்சுப் போ தாயி. என் வாயில அது வராது."

"உங்க தம்பியைத் தொலைச்சவ நான். என் மேல உங்களுக்குக் கோவமே இல்லையா மதினி?"

காமுத்தாயோட கை நின்னு போச்சு. கீரையைக் கீழ வெச்சுச்சு. அப்புறம் கேட்டுச்சு பாருங்க ஒரு சத்தம், மில்லு ஓட்டிக்கிட்டு இருந்த எனக்கே கேட்டுச்சு.

"கோவம் இல்லையான்னாடி கேக்குற? என் மடியில கிடந்த பயடி அவன்! எங்காத்தா சாகும்போது என் கையில குடுத்த பயடி! நான் ஒரு நாளு அவனை ஏன்டானு அதட்டிருப்பனா? நீ வந்த, பதினாறு வருசம் வெச்சுக்கிட்ட, ஒரு பால் காய்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகலைன்னு ஒத்தை வார்த்தையில மலைக்குத் தூக்கிக் குடுத்துட்ட! தினமும் உன் தலையைச் சீவி விடும்போது அந்த மசுரைப் பிடிச்சு ஆட்டணும்னு வரும்டி எனக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்! போடி! என் கண்ணு முன்னாடி நிக்காத! போய்த் தொலை!"

சொல்லிட்டுக் கீரைத் தட்டு மேலயே கவிழ்ந்து விழுந்து, பதினோரு மாசமா அழாத அழுகையை அழுதுச்சு.

இளஞ்சியம் எந்திரிச்சு வாசப்படியைத் தாண்டிக் கால் வெச்சுச்சு. கால் வெச்ச மாத்திரத்துல, எந்தப் பக்கம் போகணும்னு அதுக்குத் தெரியல. பதினாறு வருசமா தண்ணிக் குடத்தோட நடந்த தெரு அது. இடது பக்கம் தன் வீடுங்கிறதும் தெரியல, வலது பக்கம் கோயிலுங்கிறதும் தெரியல. காலையில பதினோரு மணி, பளீர்னு வெயிலு, நடுத்தெருவுல அது நின்னு இப்படியும் அப்படியும் பார்க்குது. என் மில்லு முன்னாடி வந்துச்சு. "எங்கம்மா போற?"ன்னேன். "தெரியலண்ணே! ஒண்ணுமே தெரியலண்ணே!"னு சொல்லுச்சு, சொல்லும்போது அந்த முகத்துல அப்படி ஒரு சந்தோசம்.

வழி சொல்ல எனக்கு நாக்கு துடிச்சுச்சு. ஒரு மனுசி தெரியாம நிக்கும்போது வழி சொல்லாம இருக்குறது எங்க ஊர்ல பெரிய பாவம், கேக்காதவங்களுக்கே ரெண்டு பேரு கூடவே போயி விட்டுட்டு வர்ற ஊரு இது. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். எதுத்த வீட்டுல டெய்லரம்மா முந்தானையை வாயில திணிச்சுக்கிச்சு. கோதண்டம் ஆபீசு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "அங்கிட்டு இல்லம்மா"னு எந்திரிச்ச ஒரு பெரியவரை டீக்கடைக்காரரு தோளை அமுக்கி உக்கார வெச்சாரு. ஊரே வாசல்ல நின்னு, வாயைப் பொத்திக்கிட்டு, அந்தப் புள்ளையைத் தொலைய விட்டோம். அது தெருவைக் கடந்து, மாட்டுக் கொட்டத்தைக் கடந்து, பாதை ஆரம்பிக்கிற இடத்துல பாதை இல்லாத பக்கமாத் திரும்பி, செடிக்குள்ள போயிருச்சு. டீக்கடைக்கு வருதான்னு மத்தியானம் வரைக்கும் பார்த்தோம். வரல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மாவுத் தூசின்னு சொல்லிக்கிட்டேன்.

மேல நடந்ததை இளஞ்சியமே இந்த மில்லுல மொளகா திரிக்க வந்தப்ப, இதே பெஞ்சுல உக்காந்து சொன்னது.

எம்புட்டு தூரம்னு தெரியாம நடந்துச்சாம். மூங்கிலைத் தாண்டி, ஒரு ஓடையைத் தாண்டி, அதே ஓடையை மறுபடி மூணு தடவை தாண்டி, ஒரு பாறையைச் சுத்தித் திரும்புனா அங்க போதுராசு உக்காந்து நெல்லிக்காயைக் கல்லுல தட்டிக்கிட்டு இருக்காரு. தாடி நெஞ்சு வரைக்கும். நிமிர்ந்து பார்த்தாரு. காயி கையில இருந்து உருண்டு போச்சு.

"இளஞ்சியம்... தம்பி வீட்டுப் பால் காய்ச்சு நல்லபடியா முடிஞ்சுச்சா?"

"நான் போகலங்க."

"ஏன் போகல? ஒரே தம்பி, நீயாச்சும் போயிருக்கலாம்ல?"

"ஏனா?" இளஞ்சியத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துருச்சு. அவரு நெஞ்சுலயே ரெண்டு குத்து குத்துச்சு. "நான் சொன்ன சொல்லாலதானே நீங்க தொலைஞ்சீங்க! என்னைய மன்னிச்சிருங்க. கோவத்துல சொன்னது. மனசாரச் சொல்லலை."

"என்ன சொன்ன?"

"போய்த் தொலைங்கன்னேன்ல."

"எப்ப?"

"அன்னைக்கு! கிளம்பும்போது!"

அவரு தாடியைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சாரு. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நீ சட்னி அரைச்சுக்கிட்டு இருந்த, மிக்சி என்னா சத்தம் போட்டுச்சு."

இளஞ்சியம் அப்படியே பாறையில உக்காந்துருச்சாம். பதினோரு மாசமா ஊரே வாயைக் கட்டிக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் மகராசனா இருன்னு திட்டிக்கிட்டுக் கிடக்குறோம், இந்த மனுசன் காதுல அது விழவே இல்ல.

"அப்புறம் எப்படிங்க தொலைஞ்சீங்க?"

அவரு உடனே சொல்லல. சின்னப் பய மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "மூணாவது திருப்பத்துல நின்னா நம்ம வீட்டு வாசல் தெரியும். நான் மலையேறுற அன்னைக்கெல்லாம் நீ வாசல்ல வந்து நிப்ப. நான் பாக்குறேன்னு உனக்குத் தெரியாது, சும்மா நிப்ப. அதைப் பார்த்துட்டுத்தான் மேல ஏறுவேன். அன்னைக்கு நீ வரல. அவங்களை முன்னால அனுப்பிட்டு நின்னேன். இப்ப வருவ, இப்ப வருவனு வாசலையே பார்த்துக்கிட்டுக் காலை எடுத்து வெச்சேன். குனிஞ்சு பார்த்தா பாதை இல்ல."

"அதுக்கப்புறம்?"

"தினமும் இறங்குவேன். சரியாத்தான் இறங்குவேன். அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் பார்க்காம இருக்க முடியல. இன்னைக்காச்சும் நிக்கிறாளானு திரும்புவேன். வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். காலு வழுகிப் போயிரும்."

"நான் எங்க வாசல்ல நின்னேன்?"னு இளஞ்சியம் அழுதுச்சு. "உங்களைப் பார்க்கணும்னு தினமும் விடிஞ்சதுல இருந்து அடிவாரத்துலல்ல நின்னேன்."

அவரு கையை நீட்டுனாரு, அது பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு. இறங்குனாங்க.

கீழ நாங்க எல்லாரும் அடிவாரத்துல கூடிட்டோம். காமுத்தாய் அவுந்த கொண்டையை முடியாம, கையில முருங்கைக்கீரைக் கறையோட முன்னால நிக்குது. மூங்கிலுக்கு மேல ரெண்டு தலை தெரிஞ்சுச்சு. யாரும் கத்தல. எனக்கு அந்த நேரத்துலயும் வாழைத்தோப்பு ஞாபகம் ஒரு தடவை வந்துட்டுப் போச்சு, வெக்கங்கெட்ட மனசு, போகட்டும், யானை தின்னுட்டுப் போகட்டும்னு நானே அதுக்கு ஒரு அறை வெச்சேன். ரெண்டு தலையும் மூணாவது திருப்பத்துக்கு வந்து நின்னுச்சு. பதினோரு மாசப் பழக்கம், போதுராசு கழுத்து தானா வீட்டுப் பக்கம் திரும்புறது கீழ இருந்தே தெரிஞ்சுச்சு. காமுத்தாய் என் கையைப் பிடிச்சு நசுக்குச்சு.

இளஞ்சியம் ரெண்டு கையாலயும் அவரு தாடியைப் பிடிச்சு, அந்த மூஞ்சியைத் தன் பக்கம் திருப்புச்சு.

"அங்க என்ன பார்வை? நான் இங்கல்ல இருக்கேன்."

அவரு அதையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஒரு காலை எடுத்துக் கீழ வெச்சாரு, பாதை இறங்குச்சு.